பக்கத்து வீட்டு ஓட்டு

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் காலை பஸ்ஸில் இருபது வருடங்களுக்கு மேல் போய் வந்திருக்கிறேன். அரியலூரில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். புத்தகத்து அரசியலைத் திருச்சியில் படித்தேன். ஓட்டுப் போடுகிற மனிதர்களை அந்தப் பஸ்ஸில்தான் படித்தேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சட்டமன்றத் தேர்தல் வந்தது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், "இந்தத் தடவை யாருக்குப் போடப்போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அத ஏன் ஒனக்குச் சொல்லணும்? நீ என்ன எனக்கு டிக்கெட் எடுத்தியா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், "டீச்சருக்கு ஒரு ஓட்டு எடுங்கப்பா" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இறங்கும் இடம் வரை பேசாமல் இருந்திருக்கலாம். ஏதோ ஒரு வீம்பில், "சரிங்கம்மா, உங்க பக்கத்து வீட்டுல யாருக்குப் போடுவாங்க?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். அந்த அம்மா கூடையைக் காலுக்கு அடியில் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரி யாருக்குப் போடுவாள், ஏன் போடுவாள், அவள் புருஷன் யாருக்குப் போடுவான், அது அவளுக்குத் தெரியுமா, அவள் மாமியார் சின்னம் தெரியாமல் போன தடவை எதில் குத்தினாள் என்று அரியலூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். தன் ஓட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒரு வழி கிடைத்தது. எங்கள் பக்கத்து ஜனங்கள் தங்கள் ஓட்டைச் சொல்ல மாட்டார்கள். அடுத்தவர் ஓட்டைக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். ஒரு ஊரில் நாற்பது வீடுகளில் பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டால், அந்த ஊரே தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டது மாதிரி. பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் குழாயடியிலும் இதையே கேட்டேன். அந்தத் தேர்தலில் யார் வருவார்கள் என்று ஆசிரியர்கள் அறையில் நான் சொன்னது அப்படியே நடந்தது. அடுத்த தேர்தலிலும் நடந்தது. அதற்கடுத்த தேர்தலுக்கு முன்னால் உள்ளூர் கேபிள் சேனலில் இருந்து ஒருவர் கல்லூரிக்கே வந்து, "மேடம், எங்க நிகழ்ச்சில வந்து சொல்லுங்க" என்றார். அங்கிருந்து திருச்சி சேனலுக்குக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் நான் அரசியல் விமர்சகர் ஆனேன். முகத்துக்குக் கீழே அப்படித்தான் எழுதிப் போடுகிறார்கள்.

முதல் பெரிய விவாதத்தில் என்னோடு நான்கு ஆண்கள். ஒரு கட்சிக்காரர் பொய்யாக ஒன்றைச் சொன்னார். நான் குறுக்கிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் நெறியாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மேடம் வீட்டுல அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டாங்க போல, அந்தப் பதட்டம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அன்றிலிருந்து கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டால் எனக்கு வீடு கிடையாது, அடுப்பு கிடையாது, பிள்ளை கிடையாது என்று பழக்கிக்கொண்டேன். குரலை ஒரே மட்டத்தில் வைத்தேன். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் நின்ற வார்டைப் பற்றிக் கேட்டபோதும் தோற்பார் என்று சொன்னேன், தோற்றார். அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். "மேடம் யாருக்கும் வளைய மாட்டாங்க" என்று பேர் வந்தது. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்துப் பயனில்லை.

என்னைத் திருத்த ஒரே ஒரு ஆள் இருந்தது. என் மகள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு பழைய நோட்டை வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருவாள். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "அம்மா, இன்னைக்கு நாலு" என்பாள். நாலு தப்பு. ஒரு சட்டப் பிரிவு எண்ணை மாற்றிச் சொல்லியிருப்பேன். ஒருவர் பேசி முடிப்பதற்குள் தலையாட்டியிருப்பேன். "பார்க்கப்போனா" என்று பதினோரு தடவை சொல்லியிருப்பேன். "பார்க்கப்போனா, பார்க்கப்போனான்னு எங்கம்மா பார்க்கப் போற? மாப்பிள்ளையா?" என்று கேட்பாள். என் கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். "தப்புக்கு ஒரு மார்க் குறைச்சுக்கோ" என்று அவரும் சேர்ந்துகொள்வார்.

கல்யாணமாகிக் கீழப்பழுவூர் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. கொஞ்ச காலமாக வீட்டிலேயே போனை நிமிர்த்தி வைத்து அதன் வழியாகத்தான் நிகழ்ச்சியில் பேசுகிறேன். நிகழ்ச்சி முடிந்து புடவையில் குத்திய மைக்கைக் கழற்றுவதற்குள் அவள் அழைப்பு வந்துவிடும். வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை. "ரெண்டு" என்பாள். எதுவும் இல்லாத நாளில் கடுப்பாக, "இன்னைக்கு ஒண்ணுமில்ல, போ" என்பாள். அந்த அழைப்புக்காகத்தான் நான் கவனமாகப் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் வாழ்க்கைப்பட்ட ஊரைத் தாண்டித்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். அந்தப் பக்கத்தில் அது அதிசயமில்லை. வீட்டு வாசலைப் பெருக்கினால் வெள்ளையாகத்தான் வரும். துணி காயப்போட்டால் மறுபடி அலச வேண்டும். மகள் எம்.ஏ. படித்தவள். வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். அவளிடம் படித்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை, பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வரும்போது ஒரு லாரி இடித்துவிட்டது. உயிர் தப்பியது. வலது கை பழையபடி ஆகவில்லை. அந்தப் பெண் இடது கையால் எழுதப் பழக, என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் எழுதினாள். "நீ எழுதறத விட டீச்சர் எழுதறது கேவலமா இருக்கு பாரு" என்று காட்டுவாளாம். இதை மாப்பிள்ளைதான் எனக்குச் சொன்னார்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் தொடங்கும் நேரமும் விடும் நேரமும் லாரிகள் நிற்க வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு அலைந்தாள். ஊராட்சித் தீர்மானம் வேண்டும் என்றார்கள். ஊராட்சியில் தீர்மானம் போட ஆளில்லை. லாரிகளில் பாதி அந்த ஊர் காண்டிராக்டர் ஒருவருடையவை.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கோயிலில் கூடி, காண்டிராக்டர் மனைவியை நிறுத்துவது, வேறு யாரும் மனு போடக்கூடாது என்று பேசி முடித்துவிட்டார்கள். அந்த அம்மா அந்தக் கூட்டத்துக்கே வரவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் மகள் போன் செய்தாள். நான் வகுப்பு முடித்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன்.

"அம்மா, நான் நிக்கிறேன்."

"எங்க நிக்கிற?"

"தேர்தல்லம்மா! பூட்டு சாவி சின்னம் கேக்கலாம்னு இருக்கேன்."

எனக்கு முதலில் வந்தது பயம். பயத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் யோசனை. "மாப்பிள்ளை என்ன சொல்றார்? உங்க மாமியார் என்ன சொல்றாங்க? ஊர்ல சும்மா விடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"அவங்கள்லாம் சொல்லிட்டாங்க. நீ என்ன சொல்ற?"

"பார்க்கலாம்."

"பார்க்கப்போறியா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அம்மா, ஒண்ணே ஒண்ணு. நீ எனக்கு ஓட்டுக் கேக்க வேணாம். மேடைக்கு வர வேணாம். எங்க ஊரப் பத்தி டிவில மட்டும் வாயத் தொறக்காத. நல்லதும் சொல்லாத, கெட்டதும் சொல்லாத. அது போதும் எனக்கு."

"இதென்ன பெரிய விஷயம்" என்றேன். சத்தியம் ஒன்றும் செய்யவில்லை. எங்களுக்குள் சத்தியம் செய்யும் பழக்கம் இல்லை. ஒருவர் சொன்னால் போதும்.

பிரச்சாரம் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். கதவில் பூட்டு சாவி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சம்பந்தியம்மா ஓட்டுக் கேட்டுப் போய்த் தொண்டை கட்டி, சைகையிலேயே காபி வேண்டுமா என்று கேட்டார். மகள் கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தாள். அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு நானும் போனேன். பேச்சுக் கொடுத்தேன். என் வாய் தானாகவே கேட்டது: "உங்க பக்கத்து வீட்டுல யாருக்குப் போடுவாங்க?"

"அவங்களா? லாரிக்காரர் வூட்டுக்குத்தான்."

அடுத்தவரைக் கேட்டேன். அதே பதில். கடைக்குச் சர்க்கரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மேலத் தெரு, கீழத் தெரு, பள்ளிக்கூடத்துத் தெரு என்று சுற்றினேன். கேட்ட வீட்டிலெல்லாம், பக்கத்து வீடு ஆட்டோ சின்னத்துக்குத்தான் என்றார்கள். ஆட்டோ, காண்டிராக்டர் மனைவியின் சின்னம். என் கணக்கில் இவ்வளவு தெளிவான ஊரை நான் பார்த்ததே இல்லை.

சர்க்கரை வாங்காமல் திரும்பி வந்தேன். வாசலில் நின்றிருந்த மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"சர்வே எடுத்துட்டு வரியாம்மா?"

"இல்லடி, சும்மா..."

"எங்கிட்ட சொல்லாத" என்றாள். காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ரிசல்ட்ட மட்டும் எங்கிட்ட சொல்லிடாத."

அவளிடம் சொல்லவில்லை. அந்த வாரத்திலேயே ஊருக்கெல்லாம் சொன்னேன்.

உள்ளாட்சித் தேர்தல் பற்றிய நேரலை அது. மத்தியான நிகழ்ச்சி. நேயர்கள் போனில் கேள்வி கேட்பார்கள். இரண்டு மாவட்டத்திலும் எந்த ஒன்றியத்தில் என்ன நிலவரம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அரும்பாவூரிலிருந்து ஒருவர் கேட்டார், சொன்னேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய், "வெளிநாட்டுல இருக்குற எங்க வூட்டுப் பசங்களுக்கு ஓட்டுப் போட வழியே இல்லையா மேடம்?" என்று கேட்டார், அதற்கும் சொன்னேன். மூன்றாவதாக ஒருவர் பேசினார். என் மகளின் ஊரைச் சொன்னார்.

"மேடம் எல்லா ஊருக்கும் கரெக்டா சொல்றீங்க. எங்க ஊர்ல பூட்டு சாவி ஜெயிக்குமாங்க?"

கேட்கிறவர் யார் பக்கத்து ஆள் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. நெறியாளருக்கும் யாரோ காதில் சொல்லிவிட்டார்கள் போல. "மேடம், உங்க மகள் போட்டியிடும் ஊர் இல்லையா அது?" என்று அவர் கண்கள் பளபளக்கக் கேட்டார்.

இப்போது எத்தனையோ தடவை அந்த இடத்துக்குத் திரும்பப் போய் நிற்கிறேன். "எனக்கு வேண்டியவர்கள் உள்ள ஊர், அதைப் பற்றி நான் பேசுவது முறையில்லை." இது ஒரு வாக்கியம். கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கே தெரியும். பாத்திரம் தேய்க்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன், அழகாக வருகிறது. அன்றைக்கு அது வரவில்லை. நான் பேசாமல் இருந்தால், மகளுக்காக மறைக்கிறாள் என்பார்களே, அம்மா பாசம் என்பார்களே, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள் என்பார்களே என்றுதான் ஓடியது. சொந்தக்காரருக்குச் சொன்ன நியாயத்தை மகளுக்குச் சொல்லாவிட்டால் இத்தனை வருடம் சேர்த்த பேர் என்னாவது என்று ஓடியது.

"களநிலவரப்படி அங்கே பூட்டு சாவிக்கு வாய்ப்புக் குறைவு" என்றேன். அத்துடன் விட்டிருக்கலாம். "மகள் என்பதால் நான் மாற்றிச் சொல்ல முடியாது. பார்க்கப்போனால் அங்கே போட்டியே இல்லை" என்றும் சேர்த்தேன்.

நெறியாளர் கேமராவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "இதுதான் நடுநிலை" என்றார்.

நிகழ்ச்சி முடிந்தது. மைக்கைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். போன் அடிக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து என் கணவர் வந்தார். வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார்.

"ஏன்டி?" என்றார். 

மறுநாள் காலையில் அந்த ஊரில் ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி என் குரலைப் போட்டார்கள். என் குரலை மட்டும் வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப. நடுவில் ஒருவர், "கேட்டுக்கங்க சொந்தங்களே, நாங்க சொல்லல, பெத்த தாயே சொல்றாங்க! போட்டியே இல்லையாம்! உங்க பொன்னான ஓட்ட வீணாக்காதீங்க!" என்று கூவினாராம். போனில் எல்லாருக்கும் வந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் நின்ற ஒருவர் போனிலும் அது ஓடியது. நான்தான் அது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "அவ ஓட்டுக் கேக்கப் போயிருக்கா அத்தை" என்றார். மகள் என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அன்றைக்கும் அவள் வீடு வீடாகப் போனாளாம். எல்லா வீட்டிலும், "ஒங்கம்மாவே சொல்லிட்டாங்களேம்மா" என்றார்களாம். "எங்கம்மாவுக்கு ஓட்டு இந்த ஊர்ல இல்லைங்க, உங்களுக்குத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாளாம்.

வாக்கு எண்ணிக்கை எங்கள் கல்லூரியில். எங்களுக்கு விடுமுறை. உள்ளே வேட்பாளரும் முகவரும்தான் போகலாம். இருபது வருடமாக நுழைகிற கேட்டுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் நின்றேன். மாப்பிள்ளை முகவராக உள்ளே இருந்தார். நாலு நிறத்து ஓட்டுச்சீட்டையும் கலந்து கொட்டிப் பிரித்து எண்ண வேண்டும் என்பதால் சாயங்காலம் ஆகிவிட்டது. மைக்கில் ஊர் ஊராக அறிவித்தார்கள். அவள் ஊர் வந்தது.

தோற்றுவிட்டாள். எவ்வளவு ஓட்டு வித்தியாசம் என்று மைக்கில் சொன்னதை மறுபடி எண்ணிப் பார்த்தேன். அவ்வளவு பேரை என் வகுப்பறையின் கடைசி மூன்று பெஞ்சுகளில் உட்காரவைத்துவிடலாம். போட்டியே இல்லை என்று நான் சொன்ன ஊரில்.

அவள் வெளியே வந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். காண்டிராக்டர் ஆட்கள் வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டாள். பார்க்காதது மாதிரி போய்விடுவாள் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"காலையிலேருந்து வெயில்ல நிக்கிற. வூட்டுக்குப் போய்ச் சாப்புடு" என்றாள். தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் வண்டியில் ஏறிப் போனாள்.

கல்லூரி திறந்த அன்று என் வகுப்பறைக்குப் போனேன். கரும்பலகையில் மேசை எண்கள் எழுதியிருந்தன. பெஞ்சுக்கு அடியில் சீட்டுக் கட்டிய ரப்பர் வளையங்கள் கிடந்தன. ஆசிரியர்கள் அறையில் வேதியியல்காரர், "மேடம், இந்தத் தடவையும் கரெக்டா அடிச்சுட்டீங்களே!" என்றார். கிண்டலா பாராட்டா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சேனலில் இருந்து கூப்பிட்டு, சொந்த மகள் விஷயத்திலேயே பிசிறில்லாமல் சொன்ன ஒரே விமர்சகர் நான்தான் என்றார்கள். இத்தனை வருடத் தொழிலில் எனக்கு வந்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பொங்கலுக்கு முந்திய வாரம் சாயங்கால பஸ்ஸில் ஒரு பெண் சின்ன வெங்காயப் பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழாயடியில் நான் கேட்ட முதல் ஆள் அவர்தான். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நாத்தனாரைப் பார்க்கப் போகிறாராம். கொஞ்ச நேரம் பையின் வாயைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"நீங்கதான அன்னைக்குக் கேட்டீங்க, பக்கத்து வூட்ல யாருக்குப் போடுவாங்கன்னு?"

"ஆமாங்க."

"லாரிக்காரர் வூட்டுக்குன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"வேற என்னங்க சொல்றது? சுத்தி நின்னதெல்லாம் அவங்க ஆளுங்க வூட்டுப் பொம்பளைங்க. பூட்டு சாவிக்குன்னு சொன்னா, நீ அவகிட்ட அப்புடிச் சொன்னியான்னு நாளைக்கு அவளப் போய்க் கேப்பாங்க. அவ குடும்பத்த ஏன் மாட்டி வுடணும்?"

"பக்கத்து வீட்டம்மாவையா?" என்றேன்.

"எல்லாம் முடிஞ்சப்பறம் அவளும் நானும் பேசிக்கிட்டோம். அவளும் பூட்டு சாவிக்குத்தான் குத்தணும்னு இருந்திருக்கா. நீங்க அவகிட்ட கேட்டதுக்கு, என்னைய லாரிக்காரர் கட்சின்னு சொல்லிருக்கா. நான் ஒருத்திதான் அந்தப் புள்ளைக்குப் போடப்போறேன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அவ ஒருத்திதான்னு அவ நெனச்சிருக்கா. தெருவே அப்புடித்தான் இருந்திருக்கு, போங்க."

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். கேட்டேன்.

"நீங்க குத்துனீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுக்கு முன்னாடியே நீங்கதான் டிவில சொல்லிட்டீங்களே. பெத்தவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு வூட்டுக்காரரும் சொன்னாரு. தோக்குற ஆளுக்குப் போட்டு என்ன ஆவப்போவுது? ஜெயிக்கிறவங்களுக்குப் போட்டா நாளப்பின்ன ஒரு கையெழுத்துக்குப் போய் நிக்கலாம்." கொஞ்சம் பொறுத்து, "மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். தங்கமான புள்ள. எம் மவளுக்கு அதுதான் கணக்குச் சொல்லித் தருது" என்றார். இறங்கும்போது ஒரு கை வெங்காயத்தை அள்ளி என் பையில் போட்டார்.

என் வழி எங்கள் பக்கத்து ஜனங்களை வைத்துக் கண்டுபிடித்தது. அடுத்தவர் ஓட்டை உள்ளபடி சொல்வார்கள் என்று நம்பினேன். அடுத்த வீட்டைக் காப்பாற்றப் பொய் சொல்வார்கள் என்பது இருபது வருடமாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஊர் முழுக்க ஒவ்வொருத்தியும் தனியாக என் மகள் பக்கம் இருந்திருக்கிறாள். நான் மட்டும் பேசாமல் இருந்திருந்தால், ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டே குத்திவிட்டு வந்திருப்பாள். அது போதுமாயிருந்திருக்கும். பெற்றவள் என்று ஒருத்தி வாயைத் திறந்து அவர்களைக் கலைத்துவிட்டாள்.

பொங்கல் சீர் கொண்டுபோனோம். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், வாழைத்தார், இருவருக்கும் துணி. மகள் வாசலுக்கு வந்து தாம்பாளத்தை வாங்கினாள். புடவை நன்றாயிருக்கிறது என்றாள். என் முழங்கால் வலியை விசாரித்தாள். சோறு பரிமாறும்போது எனக்குப் பிடிக்கும் என்று அப்பளத்தை இரண்டாக வைத்தாள். சுவரில் இருந்த டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டை எடுத்துச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றினாள். முன்பெல்லாம் செய்தி ஓடினால் சோற்றுக் கையோடு எழுந்து நின்று சண்டை போடுவாள்.

கிளம்பும்போது கொல்லைப்புறத்தில் தனியாகக் கிடைத்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கேட்டதைச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அழுதேன்.

"தெரியும்மா" என்றாள்.

"தெரியுமா?"

"தோத்தப்பறம் ஒவ்வொருத்தரா வந்து சொல்லிட்டாங்க. நான் ஜெயிச்சிருப்பேன்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஒனக்குத்தான் தெரியல." வாளியைக் கவிழ்த்தாள். "லாரி இன்னும் நிக்கல. அதான். போயிட்டு வாங்க, பஸ் போயிடும்."

அதற்குப் பிறகு அவள் என் நிகழ்ச்சிகள் எதற்கும் அழைக்கவில்லை. தீபாவளிக்குப் பேசினாள். அவள் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றபோது தினமும் இரண்டு தடவை அவரிடம் பேசினாள். என் தப்புகளை மட்டும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

போன மாதம் ஒரு காலை நிகழ்ச்சி. ஊராட்சிகளுக்கு அதிகாரம் போதுமா என்று தலைப்பு. வேண்டாம் என்று சொல்ல நினைத்து ஒத்துக்கொண்டேன். பாதி நிகழ்ச்சியில், ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்தது எழுபத்து நான்காவது திருத்தம் என்று சொன்னேன். அது எழுபத்து மூன்று. நான்கு என்பது நகராட்சிகளுக்கு. முப்பது வயதில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன். வாய் தவறிச் சொல்லவில்லை. முந்தின நாளே முடிவு செய்து, குரலை ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்தேதான் சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன், விட்டுப்போய்விடக் கூடாது என்று.

நிகழ்ச்சி முடிந்ததும் மைக்கைக் கழற்றாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பழைய மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி எழுதியிருந்தான். பிறகு வேதியியல்காரர், "மேடம், வயசாவுதா?" என்று கேட்டிருந்தார். என் கணவர் வந்து பார்த்தார். கணக்கு வாத்தியாருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வெகு நேரம் கழித்துப் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"அத்தை, நல்லா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல... அது எழுபத்து மூணாம்."

"யார் சொன்னா?"

"எனக்கு என்னத்த அத்தை தெரியும்?" என்றார்.

என் கணவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்துல இருக்காளா மாப்ள?"

"இருக்கா."

"குடுங்களேன்."

போனில் ஒரு லாரி அந்த வீட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. நீளமான சத்தம். அது அடங்கும்வரை மூன்று பேரும், ஒருவேளை நாலு பேரும், காத்திருந்தோம்.

"மாடு கத்துதுன்னு போயிட்டா அத்தை" என்றார் மாப்பிள்ளை.

மாடு கத்திய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. "சரி மாப்ள, எழுபத்து மூணுதான்னு சொல்லிடுங்க. தப்பு என்னோடதுதான்னு சொல்லிடுங்க" என்றேன்.